நின்றபடி

முதல் படத்தைக் குத்தாய்சியில் எடுத்திருக்கிறார்கள்,
படுக்க வைத்து.
‘குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.’
கீழே ஒரு கையெழுத்து, கொசு நசுங்கிய மாதிரி.

லம்ஸீரா அதை நான்காய் மடித்துக் கொண்டுவந்திருந்தாள்.
‘நான் பொய்யா சொல்கிறேன்?’
நீங்கள் இல்லை அம்மா,
முட்டிதான் படுத்தால் பொய் சொல்லும்.

காலையில் ஒரு கணுக்கால் வந்தது.
சுரங்கத்து வண்டி ஏறி மூன்று துண்டு.
பையன் ஊசி மயக்கத்தில் சிரித்துக்கொண்டே இருந்தான்.
படம் கழுத்தை நீட்டும் முன்பே
எல்லாரும் அவனுக்காகப் பதறினார்கள்.
உடைந்த எலும்பை ஊர் நம்பும்.
தேய்ந்ததற்குச் சாட்சி கேட்கும்.

என் கருவிக்கு எலும்பு தெரியும், குருத்து தெரியாது.
தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே
ஒரு மங்கல் கோடு.
அந்த இருட்டின் அகலத்தை அளந்துதான்
மிச்சம் எவ்வளவு என்று சொல்கிறோம்.
படுத்துக் கிடக்கையில் இரண்டு எலும்பும்
மரியாதையாக விலகி இருக்கும்,
விருந்தாளி வந்த வீட்டில்
சண்டைக்காரக் கணவன் மனைவி போல.

முப்பத்தொரு வருடம் சியாத்துராவின் ரோப்காரில்
கதவைப் பிடித்துக் கால் கடுக்க நின்றவள்.
மாங்கனீசுக்கு ஆள் ஏற்றி, ஆள் இறக்கி.
ஒரு நாளும் அவள் மலை ஏறியதில்லை.
மலைதான் அவள் ஜன்னலில் ஏறி இறங்கியது.
வண்டி நின்ற பிறகு, படி.
இறங்கும்போது நானூற்றுப் பன்னிரண்டு,
ஏறும்போது நானூற்றுப் பத்தொன்பது.
எண்ணியது அவள். நான் வாதாடவில்லை.

பலகையில் ஏற்றினேன்.
இரண்டு காலிலும் பாரம், முட்டி லேசாக மடங்கி.
ஈய எழுத்தை இடப்பக்கம் ஒட்டிவிட்டு,
‘பையைக் கீழே வையுங்கள்’ என்றேன்.
வைக்கவில்லை.
‘வெறுங்கையோடு எந்தப் படியை ஏறினேன் நான்?’

வெளியே பதினாறு பேர் காத்திருந்தார்கள்.
மின்சாரம் எப்போது போகும் என்று
மின்சாரத்துக்கே தெரியாத மாதம்.
விதியில் பை இல்லை.
விதியில் படியும்தான் இல்லை.
‘மூச்சைப் பிடியுங்கள்’ என்று சொல்லி
(முட்டிக்கு மூச்சு எதற்கு? பழக்கதோஷம்)
பொத்தானை அழுத்தினேன்.

குத்தாய்சிப் படத்தில் நான்கு மில்லிமீட்டர்.
இதில், உள்பக்கத்தில், ஒன்று.
முக்கால் போய்க் கால் மிச்சம்.
ஓரத்தில் எலும்பு முள் விட்டிருந்தது,
யாரும் தொடாத வேலியில் விடுவது போல.

மாலையில் டாக்டர் ஓத்தாரின் தொலைபேசி.
‘இடது முட்டிக்கு வெளியே உருண்டை உருண்டையாக நிழல்.
கட்டியா?’
‘உருளைக்கிழங்கு, டாக்டர்.’
அந்தப் பக்கம் சிகரெட் பற்றவைக்கும் சத்தம்.
‘எத்தனை கிலோ?’
‘ஏழு என்கிறாள்.’
‘பையில்லாமல் இன்னொன்று எடுத்திருக்கலாம்.’
‘எடுத்திருக்கலாம்.’
வெகுநேரம் தட்டச்சு கேட்டது.

அறிக்கை இப்படி முடிகிறது:
நின்ற நிலையில், ஏழு கிலோ கூடுதல் எடையோடு.
உள்மூட்டு இடைவெளி கடுமையாகக் குறுகியிருக்கிறது.
கிழங்குகளில் பழுது ஏதும் காணப்படவில்லை.

இழப்பீட்டுக் குழு இந்தக் கடைசி வரிக்காகவே
அதைத் திருப்பி அனுப்பலாம். தெரியாது.

மறுநாள் படத்தை வாங்கிக்கொண்டு போனாள்.
‘இதை மடிக்கக் கூடாது’ என்றேன்.
அக்குளில் செருகிக்கொண்டாள், ரொட்டி போல.
என் ஜன்னலிலிருந்து அறுபதாவது படி வரை தெரியும்.
அங்கே நின்றாள், எப்போதும் நிற்கிற இடம்.
படத்தை எடுத்து வெளிச்சத்துக்கு உயர்த்தினாள்.

எலும்பு இருந்த இடத்தில் வானம்.
அதற்குள், கம்பியில்,
துருப்பிடித்த பழைய பெட்டி ஒன்று
அசையாமல்.

பையைக் கை மாற்றிக்கொண்டு
அறுபத்தொன்றில் காலை வைத்தாள்.